ரேடியோவில் இருக்கிற குமிழ் மைக்ரோவேவில் ஏன் இல்லை?

போன இதழில், கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ரேடார் திருத்தித் திரிந்த காலத்தைப் பற்றி எழுதும்போது, உங்கள் குசினி மைக்ரோவேவுக்குள்ளும் அந்த ரேடாருக்குள்ளும் இருப்பது ஒரே இனத்துக் குழாய்தான் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். இலத்திரன் கற்றையிலிருந்து பெரிய வலுவில் நுண்ணலை எடுப்பது ஒரு வேலை, எடுத்ததன் மீடிறனை, அதாவது அலை செக்கனுக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, நாம் நினைத்தபடி மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மைக்ரோவேவின் பின்பக்கம் 2450 மெகாஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. ரேடியோவில் குமிழைத் திருகி வேறு நிலையத்துக்குப் போகிற மாதிரி இதன் மீடிறனை மாற்ற முடியாதா?
*உயர்தர மாணவி, வெள்ளவத்தை*

நல்ல கேள்வி தங்கச்சி, இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கீழே வருகிற எல்லாக் கேள்விக்கும் பாதிப் பதில் தெரிந்த மாதிரி.

அதற்குள் இருக்கும் குழாயின் பெயர் மக்னட்ரோன். நடுவில் சூடாகும் கதோட்டு, சுற்றிவர ஒரு செம்பு வளையம், அந்த வளையத்தின் உட்பக்கத்தில் பொதுவாக 10 குழிகள். கதோட்டுக்கும் செம்புக்கும் இடையில் 4000 வோல்ட் அளவில் இருக்கும். மேலும் கீழும் காந்தம். கதோட்டிலிருந்து கிளம்புகிற இலத்திரன் நேரே செம்பை நோக்கி ஓடப் பார்க்கும், காந்தம் விடாது, வளைத்துச் சுற்ற வைக்கும். அப்படிச் சுற்றும் கூட்டம் வண்டிச் சில்லின் ஆரக்கால் மாதிரித் திரண்டு குழிகளின் வாயை உரசிக்கொண்டு போகும்போது குழிகள் பாடத் தொடங்குகின்றன. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் சத்தம் வருமல்லவா, அதேதான்.

இப்போது போத்தலை யோசித்துப் பாருங்கள். மெல்ல ஊதினாலும் பலமாக ஊதினாலும் அதன் சுருதி ஏறக்குறைய ஒன்றுதான். சுருதியை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே தண்ணீர் ஊற்ற வேண்டும். மக்னட்ரோனிலும் ஊற்றலாம், தண்ணீருக்குப் பதில் குழிகளுக்குள் உலோகக் குச்சிகளை நீட்டிச் சுருக்கினால் மீடிறன் கொஞ்சம் நகரும். அப்படியான மக்னட்ரோன்கள் பல வருடமாக இருக்கின்றன. உங்கள் அடுப்பில் அது இல்லாததற்குக் காரணம் தேவையில்லை என்பதும், 2400 முதல் 2500 மெகாஹேர்ட்ஸ் வரைக்குள் நிற்க வேண்டும் என்ற விதியும்தான்.

ஆனால் குழியையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்தால் வலு போய்விடும். குழி தன் பரிவு மீடிறனில், அதாவது தான் இயல்பாகப் பாடும் மீடிறனில், சக்தியைச் சேர்த்து வைத்து, அதையே திருப்பிக் காட்டி இலத்திரன்களை இன்னும் ஒழுங்காகத் திரள வைக்கிறது, அதனால்தான் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அலையாக வெளியே வருகிறது. வலுவைத் தருவதும் அந்தக் குழிதான், மீடிறனைப் பூட்டி வைப்பதும் அந்தக் குழிதான். இந்த ஒரு முடிச்சைத்தான் உலகம் முழுவதும் அவிழ்க்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: குழிதான் மீடிறனைப் பூட்டி வைக்கிறது என்றால், கப்பலில் மக்னட்ரோன் மாற்றியதும் ரேடாரைத் திரும்ப ட்யூன் பண்ணச் சொல்கிறார்களே, ஏன்?
*கப்பல் ஊழியர், கொட்டாஞ்சேனை*

பூட்டு இறுக்கமான பூட்டு இல்லை தம்பி. உங்கள் கப்பலின் 3 சென்டிமீற்றர் ரேடாரில் மக்னட்ரோனின் மீடிறன் 9410 மெகாஹேர்ட்ஸ், ஆனால் 30 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றுதான் அதைச் செய்து அனுப்புகிறவர்களே சொல்வார்கள். ஒவ்வொன்றும் பிறக்கும்போதே கொஞ்சம் வித்தியாசம். அதற்கு மேல், செம்பு சூடாகி விரிந்தால் மீடிறன் இறங்கும். மின்னோட்டம் மாறினால் நகரும். அலைவழிக் குழாயில் தண்ணீர் போய் அலை திரும்பி வந்தாலும் நகரும். அனுப்புகிறவன் நகர்ந்தால் கேட்கிறவனும் நகர வேண்டும், அதற்குத்தான் ரேடாரின் வாங்கியில், அதாவது திரும்பி வரும் அலையைக் கேட்கும் பாகத்தில், அந்த ட்யூனிங்.

இதை நான் படித்த விதம் மறக்காது. வெளி நங்கூரத்தில் நின்ற ஒரு கப்பலுக்குப் படகில் போய் மக்னட்ரோன் மாற்றினேன். ஏறி இறங்கி வியர்த்து, புதுக் குழாயை அரை மணித்தியாலத்துக்கு மேல் சும்மா சூடாக விட்டு, பிறகு அலையை விட்டால் திரையில் ஒன்றுமே இல்லை. துறைமுகத்தின் அலைதாங்கி அணை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, ரேடாருக்குத் தெரியவில்லை! துடிப்புச் சுற்றைக் கழற்றினேன், கேபிளைப் பார்த்தேன், குழாயே பழுதோ என்று கூட யோசித்தேன். மூன்று மணித்தியாலம் போன பிறகு வாங்கியின் ட்யூனிங்கை மெல்லத் திருப்பினால், அப்படியே அணை, பாரந்தூக்கிகள், நின்ற கப்பல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அலை முழுவதும் சரியாகப் போய்த் திரும்பி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பழைய மக்னட்ரோனின் இடத்தில் நான் காதை வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, இந்த நகர்வை வேண்டுமென்றே செய்கிற ரேடாரும் உண்டு. குழிகளுக்கு மேல் பள்ளம் வெட்டிய ஒரு தகட்டை மோட்டரில் சுழற்றினால், ஒவ்வொரு துடிப்பும் வேறு வேறு மீடிறனில் போகும். கடல் அலையில் பட்டு வருகிற எதிரொலி மீடிறனுக்கு மீடிறன் மாறும், படகின் எதிரொலி அவ்வளவாக மாறாது, சராசரி எடுத்தால் படகு தனித்துத் தெரியும். குழப்ப நினைக்கிறவனுக்கும் அடுத்த துடிப்பு எங்கே வரும் என்று தெரியாது.

கேள்வி: அப்பாவுக்கு மகரகம அபேக்ஷா மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. இப்படியான இயந்திரத்துக்குள்ளும் நுண்ணலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது அப்பாவின் உடம்பில் படுமா? பயமாக இருக்கிறது.
*மகள், தெஹிவளை*

படாது பிள்ளை. பயப்பட வேண்டாம். நுண்ணலை இயந்திரத்தின் உலோகக் குழாய்களுக்குள்ளேயே இருந்துவிடும். அதன் வேலை உள்ளே இருக்கும் இலத்திரன்களைத் தள்ளி வேகமாக்குவது மட்டும். வெளியே வருவது வைத்தியர் கணக்குப் போட்டுக் குறித்த இடத்துக்கு அனுப்பும் எக்ஸ் கதிர், அல்லது சில சிகிச்சைகளில் அந்த இலத்திரன்களே.

இப்படி இலத்திரனை நேர்கோட்டில் தள்ளி வேகமாக்கும் இயந்திரத்துக்கு நேர்கோட்டு ஆர்முடுக்கி என்று பெயர். சிலவற்றில் மக்னட்ரோன் இருக்கும், சிலவற்றில் கிளைஸ்ட்ரோன் என்ற இன்னொரு குழாய், அதைப் பற்றிக் கீழே வருகிறது. மீடிறன் 3 கிகாஹேர்ட்ஸ் அளவில், துடிப்பு ஒவ்வொன்றும் சில மெகாவாட். இலத்திரனைத் தள்ளுகிற செம்புக் குழாய்க்கும் ஒரு பரிவு மீடிறன் உண்டு. அந்தச் செம்பு 1 பாகை சூடானால் 3 கிகாஹேர்ட்ஸில் 50 கிலோஹேர்ட்ஸ் அளவு கீழே இறங்கும். ஒன்றிரண்டு பாகை மாறினாலே இயந்திரம் தள்ளாடத் தொடங்கும். அதனால்தான் ஒரு பக்கம் குளிர்நீரின் வெப்பநிலையை ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள், மறுபக்கம் மக்னட்ரோனில் ஒரு சின்ன மோட்டர் ட்யூனரை உள்ளும் வெளியும் தள்ளி, செம்பு எங்கே போகிறதோ அங்கே அலையையும் கூட்டிக்கொண்டு போகிறது. மீடிறனை மாற்றக் கூடிய பெரிய வலு நுண்ணலை மூலம் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் குட்டி மோட்டரைத்தான். அப்பா சீக்கிரம் சுகமாகட்டும்.

கேள்வி: வோல்டேஜை மட்டும் மாற்றியே மீடிறனை மாற்றக் கூடிய கற்றைக் குழாய்கள் இருக்கின்றன என்று விரிவுரையில் சொன்னார்கள். அப்படியென்றால் ஜிகாவாட் வலுவிலும் அதையே செய்ய வேண்டியதுதானே?
*பொறியியல் மாணவன், மொறட்டுவை*

தம்பி, நீங்கள் 101 இலக்க பஸ்ஸில் வருகிறவராகத்தான் இருப்பீர்கள், அதிலிருந்தே தொடங்குவோம். மொறட்டுவையிலிருந்து பஸ்கள் இடைவெளி விட்டு விட்டுத்தான் வெளிக்கிடுகின்றன. ஆனால் வழியில் ஒன்று சுணங்க, பின்னால் வந்தது வேகமாக ஓட, வெள்ளவத்தைக்கு வரும்போது மூன்று ஒன்றாக வந்து நிற்கும். 1937ல் ஸ்டான்ஃபோர்டில் ரஸல் வேரியன், சிகர்ட் வேரியன் என்ற சகோதரர்கள் செய்த கிளைஸ்ட்ரோனின் சங்கதி இதுதான். முதல் குழி சில இலத்திரன்களைச் சுணக்கும், சிலவற்றை விரட்டும், கொஞ்சத் தூரம் போனதும் அவை கும்பல் கும்பலாகி இரண்டாவது குழியை உதைக்கும். வலு நிறைய. ஆனால் இரண்டு முனையிலும் குழி, ஆகவே மீடிறன் பூட்டுத்தான்.

குழியே இல்லாமல் கும்பலாக்க வழி உண்டு. குழாயின் உட்சுவரை நெளிநெளியாக வெட்டிவிட்டால் அதற்குள் அலையின் முகடு இலத்திரனின் வேகத்துக்கு மெதுவாகிவிடும். முகடும் இலத்திரனும் சேர்ந்து நடந்தால் ஒன்றுக்கு ஒன்று சக்தி கொடுக்கலாம். இந்த நெளிவுக் குழாயில் ஒவ்வொரு மீடிறனின் முகட்டுக்கும் ஒவ்வொரு வேகம் என்பதுதான் முக்கியம். ஆகவே இலத்திரனின் வேகத்தை மாற்றினால் அது வேறொரு மீடிறனோடு ஜோடி சேரும். இதிலும் ஒரு விசித்திர வகை இருக்கிறது. முகடு முன்னால் போகும், சக்தி மட்டும் பின்னால், இலத்திரன் கிளம்பிய பக்கத்துக்கே போகும். பின்னால் போகும் சக்தி புதிதாக வரும் இலத்திரன்களைத் தானே கும்பலாக்கும், கண்ணாடியோ குழியோ வேண்டாம். பின்னோக்கு அலை அலையாக்கி என்று சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் பிரான்ஸில் இதைச் செய்தவர்கள் நண்டுக்குரிய கிரேக்கச் சொல்லை எடுத்துக் கார்சினோட்ரோன் என்று பெயர் வைத்தார்கள். வோல்டேஜைக் கூட்டக் குறைக்க மீடிறன் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும், அதுவும் மிக வேகமாக. எதிரி ரேடார்களைக் குழப்ப அதைப் பயன்படுத்தலாம் என்றதும் ரேடார் செய்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. வோல்டேஜ் மீடிறனை மாற்றுவது வேகத்தின் வழியாக. 1000 வோல்டில் இலத்திரன் ஒளியின் வேகத்தில் 6.25 சதவீதம், 4000 வோல்டில் 12.4 சதவீதம். நாலு மடங்கு வோல்டேஜுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம், அருமையான பிடி. ஜிகாவாட் வேண்டுமென்றாலோ பல ஆயிரம் அம்பியர் கற்றையை ஐந்து இலட்சம், பத்து இலட்சம் வோல்டில் ஓட்ட வேண்டும். 5 இலட்சம் வோல்டில் வேகம் ஒளியின் 86 சதவீதம். 10 இலட்சத்தில்? 94 சதவீதம். வோல்டேஜை இரட்டித்து 9 சதவீத வேகம்தான் கூடியிருக்கிறது. எதுவும் ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்ற சார்புக் கொள்கையால் ஐன்ஸ்டைன் குமிழைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு வோல்டேஜோடு ஓட்டமும் வலுவும் சேர்ந்து மாறும். துடிப்பு சில பத்து நானோ செக்கன்தான், சுவரில் பிளாஸ்மா, அதாவது மின்னேறிய வாயு, கிளம்பினால் அதுவும் இடையில் அறுந்துவிடும். அதனால் பெரிய வலுவில் மறுபடி இரும்பும் செம்பும்தான்: உள்ளே இருக்கும் தெறிப்பு வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்துவது, காந்தப்புலத்தை மாற்றுவது. கிடைக்கிற வீச்சு குறுகியது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை, எனக்கு இதில் மிகப் பிடித்த இடமே இனித்தான். வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என்று மாறி மாறி அடுக்கிய காந்த வரிசைக்குள் கற்றையை விட்டால் இலத்திரன் பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு அலை விடும். கட்டற்ற இலத்திரன் லேசர் என்று பெயர், ஜோன் மேடி 1971ல் முன்வைத்தது. தான் விட்ட அலையை இலத்திரன் பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒரு வடக்கு-தெற்கு ஜோடியைத் தாண்டுவதற்குள் அலையிடம் எவ்வளவு தூரம் பின்தங்குகிறதோ, அதுதான் அலைநீளம். இங்கே முக்கியம் வேகம் இல்லை, ஒளிக்கும் இலத்திரனுக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளி. 30 இலட்சம் வோல்டில் இலத்திரன் ஒளியை விட 1 சதவீதம் அளவில் பின்னால். 60 இலட்சத்தில் 0.3 சதவீதம். வேகம் ஒரு சதவீதம்கூட ஏறவில்லை, ஆனால் இடைவெளி மூன்றரையில் ஒரு பங்காகிவிட்டது, ஆகவே மீடிறன் மூன்றரை மடங்கு! நெளிவுக் குழாய்க்குக் குமிழை இல்லாமல் செய்த அதே சார்புக் கொள்கை இங்கே அதைவிடப் பெரிய குமிழைக் கையில் தருகிறது.

கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் இப்படி 120 கிகாஹேர்ட்ஸிலிருந்து 4.8 டெராஹேர்ட்ஸ் வரை எடுக்கிறார்கள். லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 1980களில் 34.6 கிகாஹேர்ட்ஸில் 1 ஜிகாவாட் அளவு எடுத்தார்கள். விலை என்ன தெரியுமா? ஒரு ஆர்முடுக்கியும், அதை வைக்க ஒரு கட்டடமும், தடித்த சுவரும். மேசையில் வைக்கிற சாமான் இல்லை.

கேள்வி: பிரான்ஸில் கட்டும் இணைவு உலைக்குள் நுண்ணலையை வைர யன்னல் வழியாக அனுப்புகிறார்களாம். ஏன் வைரம்? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
*பௌதிகவியல் ஆசிரியை, பம்பலப்பிட்டி*

ரீச்சர், அந்த உலையின் பெயர் இட்டர். அதன் பிளாஸ்மாவைச் சூடாக்க அங்கே இருக்கிற குழாய் கைரோட்ரோன். அதன் முதல் குழாய் 1964ல் சோவியத் நாட்டின் கோர்க்கி நகரில் ஓடியது. காந்தப்புலத்தில் இலத்திரன் சுழல்வது 1 டெஸ்லாவுக்கு 28 கிகாஹேர்ட்ஸ் என்ற கணக்கில், அந்தச் சுழற்சியே அலையாகிறது. இட்டரில் ஒவ்வொன்றும் 170 கிகாஹேர்ட்ஸ், 1 மெகாவாட். அதற்கு 6 டெஸ்லாவுக்கு மேல் வேண்டும், ஆகவே மீகடத்திக் காந்தம்.

குழாய்க்குள் வெற்றிடம், வெளியே வேறு. நடுவில் ஒரு யன்னல் வேண்டும். 1 மெகாவாட்டில் ஒரு சின்னப் பங்கை விழுங்கினாலும் சாதாரணக் கண்ணாடி வெடித்துவிடும். செயற்கை வைரம் மிகக் கொஞ்சமே விழுங்கும், விழுங்கிய சூட்டைச் செம்பை விட வேகமாக விளிம்புக்குக் கடத்திவிடும்.

மீடிறனை மாற்றுவதற்கு முட்டுக்கட்டை போடுவதும் இதே யன்னல்தான். அலை தெறிக்காமல் போக வேண்டுமென்றால் யன்னலின் தடிப்பு, வைரத்துக்குள் அலைநீளத்தின் பாதியில் முழு எண் மடங்காக இருக்க வேண்டும். 170 கிகாஹேர்ட்ஸுக்கு வைரத்துக்குள் அரை அலை 0.37 மில்லிமீற்றர், ஐந்து மடங்கு 1.85 மில்லிமீற்றர். மீடிறனைக் கொஞ்சம் நகர்த்தினால் இந்தக் கணக்கு உடைந்து அலை திரும்பி வரும். ஜேர்மனியின் கார்ஹிங்கில் இருக்கும் அஸ்டெக்ஸ் அப்கிரேட் உலையில் இதைத் தாண்டிய விதத்தை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். 1.8 மில்லிமீற்றர் வைரம் ஒன்றைப் போட்டு, 140 கிகாஹேர்ட்ஸில் நாலு அரை அலை, 105ல் மூன்று அரை அலை என்று இரண்டு மீடிறன்களையும் அதற்குள் பொருத்திவிட்டார்கள். 140ஐயும் 105ஐயும் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நாலுக்கு மூன்று!

கைரோட்ரோனில் மீடிறன் வயலின் மாதிரி வழுக்காது, ஹார்மோனியக் கட்டை மாதிரித் தாவும். குழிக்குள் பல பரிவுகள் நெருக்கமாக இருப்பதால் காந்தப்புலத்தை மாற்ற மாற்ற ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் பாயும். உலைக்கு அது எதற்கென்றால், உலையின் காந்தப்புலம் உட்பக்கம் கூடுதல், வெளிப்பக்கம் குறைவு. ஆகவே எந்த மீடிறனை அனுப்புகிறோமோ அதற்கேற்ற இடத்தில்தான் பிளாஸ்மா சூடாகும்.

கேள்வி: நம் ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
*வாசகர், பொரளை*

உங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பார்ன்ஸ் பிளேஸில் நெடுங்காலம் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையில், மூடுபனியில் விமானங்களைத் தரையிறக்க உதவும் ரேடாரில் வேலை செய்தவர். அந்த ரேடாரின் இதயம் குழி மக்னட்ரோன். 1940 பெப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரண்டல், ஹரி பூட் என்ற இருவர் அதை முதல் முறை ஓட்டி 400 வாட் அளவில் எடுத்தார்கள். 1956லிருந்து 2008ல் இறக்கும்வரை கிளார்க் இலங்கையில்தான் இருந்தார்.

கேள்வி: ட்ரோன்களை நுண்ணலையால் விழுத்துகிறார்களாமே?
*வாசகர், மட்டக்குளி*

ஆம், சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கம்பிகளும் இடுக்குகளும் தங்கள் நீளத்துக்கேற்ற மீடிறனை நன்றாக உறிஞ்சும், அதனால்தான் படைகளுக்கும் மீடிறன் மாறுகிற மூலத்தில் ஆசை. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. வானத்தில் என்ன பறக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பயந்த காலம் நமக்கு இருந்தது.

கேள்வி: பழைய மைக்ரோவேவ் ஒன்று கிடைத்தது. அதைக் கழற்றி மக்னட்ரோனை எடுத்துச் செயற்திட்டம் செய்யலாமா?
*10ஆம் தர மாணவன், கொழும்பு 6*

வேண்டாம் மகன். வயரைக் கழற்றிய பிறகும் அதன் கொள்ளளவியில் 2000 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அனுபவம் உள்ளவர்களே செத்திருக்கிறார்கள். பெட்டிக்கு வெளியே மக்னட்ரோனை ஓட்டினால் கண் போகும். ஆசிரியரிடம் சொல்லி, முறையாகத் திருத்துகிற ஒருவர் கழற்றித் தந்த மக்னட்ரோனை வாங்கி, குழிகளைக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

செயற்திட்டத்துக்கு நான் ஒன்று தருகிறேன், வீட்டில் வேலை செய்யும் மைக்ரோவேவிலேயே அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். சுழலும் கண்ணாடித் தட்டையும் அடியில் உள்ள வளையத்தையும் எடுத்துவிட்டு, நடு அச்சின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சுழலாதபடி ஒரு தட்டை வையுங்கள். தட்டு நிறையப் பொரிக்காத பப்படங்களை நெருக்கமாக அடுக்கி, எண்ணெய் ஒன்றும் வேண்டாம், 20 செக்கன் விடுங்கள். சில இடங்கள் வெள்ளையாகப் பொரிந்திருக்கும், சில இடங்கள் பச்சையாகவே இருக்கும். பொரிந்த ஒரு இடத்தின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு அடிமட்டத்தால் அளந்து, நாலைந்து அளவு எடுத்துச் சராசரி பாருங்கள். அது அரை அலைநீளம், 6 சென்டிமீற்றர் சொச்சம் வர வேண்டும். பெட்டிக்குள் அலை பல திசையில் தெறிப்பதால் துல்லியமாக வராது. இரண்டால் பெருக்கி, அதைப் பின்பக்கம் எழுதியிருக்கும் 2450 மெகாஹேர்ட்ஸால், அதாவது 245 கோடியால் பெருக்கினால், ஒளியின் வேகம் செக்கனுக்கு எத்தனை சென்டிமீற்றர் என்று வரும். உங்கள் அளவுகளை எனக்கு அனுப்புங்கள், மைக்ரோவேவின் பின்பக்கம் போட்டிருக்கும் மீடிறனையும் மறக்காமல் எழுதுங்கள்.